உப்புக்காற்றில் கியர் சைக்கிள்: மாறாத கியரை வீட்டிலேயே சரிசெய்தல்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதித்து வந்தாலும் பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்லத்தக்க இடம் ஒன்றும் குறுக்கே வராது. அப்படியிருக்க இந்த ஊரில் 21 கியர் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள், கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் பாம்பனிலிருந்து மண்டபம் நோக்கி ஒருமுறை சைக்கிளில் வந்து பார்க்க வேண்டும். நமக்கு மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. எதிர்காற்றில் கியரைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்தவர் மூச்சு வாங்காமல் வீடு சேர்கிறார். கியர் மாறாத சைக்கிளை வைத்திருப்பவர் பாலத்தின் நடுவில் இறங்கித் தள்ளுகிறார்.

ஆனால் நம் பகுதியில் கியர் சைக்கிள் வாங்கிய பெரும்பாலோர் ஓராண்டுக்குள் ஒரே கியரில் ஓட்டப் பழகிவிடுகிறார்கள். மற்ற கியர்கள் மாறுவதில்லை, அல்லது மாறினால் கடகடவென்று சத்தம் வருகிறது, அல்லது செயின் கழன்று விழுகிறது. உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கண்ணில் படும் திருகுகளைத் திருகிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. நானும் முதல் சைக்கிளில் அதையே செய்தேன். அரை நாள் திருகியதில் கியரும் மாறவில்லை, மறுநாள் செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் விழுந்து நான்கு கம்பிகளை அறுத்துவிட்டது. கோளாறு திருகில் இல்லை. கேபிளுக்குள் ஏறியிருந்த உப்புத் துருவில் இருந்தது. கடலோரத்தில் கியர் சைக்கிளைப் பழுது பார்க்கிறவர் முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும், திருகுகளைக் கடைசியில்தான் தொட வேண்டும். கீழே சொல்லும் வரிசை அந்த அனுபவத்திலிருந்து அமைந்தது.

கியர் எப்படி மாறுகிறது

பின் சக்கரத்தின் வலப்பக்கம் அடுக்காக இருக்கும் பல்சக்கரங்களுக்குக் கீழே, இரண்டு சிறிய புல்லிகளோடு தொங்கும் உறுப்புக்கு டீரெய்லர் என்று பெயர். செயினைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பல்லிலிருந்து, அதாவது ஒரு பல்சக்கரத்திலிருந்து, அடுத்த பல்லுக்கு ஏற்றுவதும் இறக்குவதும் அதன் வேலை. கைப்பிடியில் உள்ள ஷிஃப்டர் கேபிளை இழுத்தால் டீரெய்லர் உள்பக்கம், அதாவது பெரிய பல்லை நோக்கி நகர்கிறது. ஷிஃப்டர் கேபிளை விட்டுக்கொடுத்தால் டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதனை வெளிப்பக்கம், சின்னப் பல்லை நோக்கித் தள்ளுகிறது. ஏறுவதற்குக் கேபிள், இறங்குவதற்கு ஸ்பிரிங் என்ற இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருந்தால் பாதிக் கோளாறுகளைக் கையை வைக்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

பின்பக்கம் 7 பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே சுமார் 5 மில்லிமீட்டர் தூரம் இருக்கிறது. ஷிஃப்டரை ஒருமுறை சொடுக்கும்போது கேபிள் இழுபடுவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே கேபிளுக்குள் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இறுக்கமோ தளர்ச்சியோ வந்தாலும் செயின் இரண்டு பற்களுக்கு நடுவில் நின்று தவிக்கும். சொடுக்கினால் தானாகச் சரியான பல்லில் போய் நிற்கும் இந்த முறையை ஷிமானோ நிறுவனம் 1984-இல் டியூரா-ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த ஷிஃப்டர்களில் ஓட்டுபவரே கையால் தேடிப் பல்லைப் பிடித்தார். கேபிள் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் கை அதைச் சமாளித்தது. இன்றைய ஷிஃப்டருக்கு அந்த நெளிவுசுளிவு கிடையாது.

எண்களைப் பற்றிய ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. வலக்கை ஷிஃப்டரில் 1 என்பது பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்; மிதிக்க எளிது, வேகம் குறைவு. 7 என்பது மிகச் சின்னப் பல். இடக்கை ஷிஃப்டரில் 1 என்பது முன்பக்கத்தின் மிகச் சின்னப் பல்சக்கரம்.

கருவிகளும் தயாரிப்பும்

5 மில்லிமீட்டர் ஆலன் கீ, நட்சத்திர முனையுள்ள ஸ்க்ரூ டிரைவர், கூரான கட்டிங் பிளையர், பழைய பல் துலக்கும் பிரஷ், கந்தல் துணி, செயின் எண்ணெய் ஆகியவை போதும். விலை குறைந்த சில சைக்கிள்களில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு ஆலன் கீ பொருந்தாது. அதற்கு 9 அல்லது 10 மில்லிமீட்டர் ஸ்பானர் தேவைப்படும்.

பின் சக்கரம் தரையில் படாமல் சுழல வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பது பலருடைய வழக்கம். கேபிள்களும் ஷிஃப்டரும் தரையில் நசுங்கும் என்பதாலும், மேல் எது கீழ் எது என்று புதியவருக்குக் குழம்பும் என்பதாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வலைக்குப் பயன்படுத்தும் நைலான் கயிறு நம் வீடுகளில் எப்படியும் கிடக்கும். அதைச் சீட்டுக்கு அடியில் கட்டி வேப்பங்கிளையிலோ தாழ்வாரத்து விட்டத்திலோ தொங்கவிட்டால், முன் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க, பின் சக்கரம் தாராளமாகச் சுழலும்.

சோதனைக்கு முன் சைக்கிளைச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கேதான் வெளியூர்க் குறிப்புகளைப் படித்துச் செய்பவர்கள் ஏமாறுகிறார்கள். நம் பகுதியில் பல வீடுகளின் போர்த் தண்ணீரே உப்பு. அதை அடித்துக் கழுவினால் காய்ந்த பின் ஒவ்வோர் இடுக்கிலும் வெள்ளை பூக்கும். கடல்நீர் செய்யும் வேலையை அதுவும் செய்யும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரைச் சைக்கிளுக்குச் செலவிட மனம் வராது என்பது எனக்கும் தெரியும். அதனால் கழுவுவதை விட்டுவிட்டு, அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து எல்லாவற்றையும் துடைத்தெடுப்பதே போதும். செயினிலும் பல்லிலும் கெட்டிப்பட்ட அழுக்குக்கு மண்ணெண்ணெய் நல்லது. படகு உள்ள வீடுகளில் கால் தம்ளர் டீசல் கிடைக்கும், அதுவும் அதே வேலையைச் செய்யும். எதுவானாலும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்க வேண்டுமே தவிர ஊற்றக் கூடாது. ஊற்றினால் சக்கரத்தின் நடுவில் உள்ள பால்ரஸின் கிரீஸும் கரைந்து போய்விடும். அடுப்புக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தல்

பெடலைக் கையால் சுழற்றியபடி ஒவ்வொரு கியராக 1-இலிருந்து 7 வரையிலும், மறுபடி 7-இலிருந்து 1 வரையிலும் மாற்றிப் பார்க்க வேண்டும். பெரிய பல்லுக்கு ஏறும்போது மட்டும் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. சின்னப் பல்லுக்கு இறங்கும்போது தயங்கினால், அல்லது இரண்டு சொடுக்குக்கு ஒருமுறை தடாலென்று இறங்கினால், கேபிள் உறைக்குள் உராய்கிறது. ஸ்பிரிங்குக்கு அதை இழுக்கும் வலு போதவில்லை. நம் கடற்கரையில் நான் பார்த்தவற்றில் மிகுதி இந்த இரண்டாவது வகைதான்.

அதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. செயினைப் பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்லில் ஏற்றிவிட்டுப் பெடலை நிறுத்துங்கள். பெடலைச் சுழற்றாமலே ஷிஃப்டரை 7 வரை சொடுக்கிவிடுங்கள். செயின் நகராது; ஆனால் கேபிள் தளர்ந்து தொங்கும். இப்போது சட்டகத்தில் அவுட்டரை, அதாவது கேபிளின் மேல் உறையை, தாங்கியிருக்கும் பிடிகளிலிருந்து, அவற்றில் பிளவு இருந்தால், அவுட்டரை வெளியே எடுத்துவிடலாம். அவுட்டரை, உள்ளே ஓடும் இன்னர் கம்பியின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வெண்ணெயில் நகர்வதுபோல் நகர வேண்டும். சரசரவென்று அரைத்தாலோ, கம்பியில் பழுப்பு நிறத் துரு தெரிந்தாலோ கோளாறு அகப்பட்டுவிட்டது. முக்கியமாக, டீரெய்லருக்குள் நுழைவதற்கு முன் வளைந்து வரும் அந்தக் கடைசித் துண்டு அவுட்டரைக் கழற்றிப் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கும் ஈரமணல் முழுவதும் அதன் வாயில்தான் போய்ச் சேரும். அரிச்சல்முனைக்குப் போய் ஈரமணலில் கொஞ்சம் உருட்டிவிட்டு வந்த சைக்கிளில் ஒரே மாதத்தில் இந்தத் துண்டு இறுகிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கேபிள் வழுவழுப்பாக இருந்தும் கியர் மாறவில்லை என்றால், சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, டீரெய்லரின் இரண்டு புல்லிகளும் மேலே உள்ள பல்லுக்கு நேர்கோட்டில் செங்குத்தாகத் தொங்குகின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கீழ்ப் புல்லி ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. வலப்பக்கமாக விழுந்த சைக்கிளுக்கும், மற்ற சைக்கிள்களோடு சேர்த்து அடுக்கி வண்டியில் ஏற்றப்பட்ட சைக்கிளுக்கும், சீமைக்கருவேலங் குச்சி டீரெய்லரில் சிக்கி இழுபட்ட சைக்கிளுக்கும் இது நேரும். முள் பஞ்சராக்கும் என்று டயரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதன் குச்சி செய்யும் கேடு இதைவிடப் பெரிது. இரும்பு ஹேங்கரைப் பழகியவர் நிமிர்த்திவிடலாம். அலுமினிய ஹேங்கர் நிமிர்த்தும்போது முறியக்கூடும். அதைக் கழற்றி, அதே வடிவத்தில் புதிதாக வாங்கி மாட்டுவதே நல்லது. பலன் தெரியாமல் வளைத்துப் பார்ப்பதைவிடத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது மேல்.

கியர் ஒழுங்காக மாறுகிறது, ஆனால் அழுத்தி மிதிக்கும்போது செயின் வழுக்கிக் குதிக்கிறது என்றால் அது தேய்மானம். தச்சரிடம் இருப்பது போன்ற இரும்பு டேப்பின் 1 அங்குலக் கோட்டைச் செயினின் ஏதேனும் ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 13 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டி நின்றால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் அது பழைய பல்லில் நிற்காது. 6, 7, 8 கியர்களுக்கு ஒரே அகலமுள்ள செயின்தான். 9 முதல் மேலே போனால் தனித்தனி. பல்சக்கர அடுக்கைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும் என்பதால் அதைக் கடையில் செய்துகொள்வது சுலபம்.

செயின் ஒரு முழுச் சுற்று வரும்போது ஒருமுறை மட்டும் குதித்தால், எங்கோ ஒரு கண்ணி துருவேறி மடங்க மறுக்கிறது என்று பொருள். பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுழற்றினால் புல்லியைத் தாண்டும்போது அந்தக் கண்ணி மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்பது தெரியும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் இளகிவிடும்.

கேபிளை மாற்றுதல்

துரு ஏறிய இன்னர் கம்பிக்கு எண்ணெய் விட்டு ஓட்டிவிடலாம் என்று நினைப்பது இரண்டு வாரத்துக்குத்தான் உதவும். இன்னரையும் அவுட்டரையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். வாங்கும்போது கவனம் தேவை. கியர் இன்னர் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் சிறிய உருளைத் தலையும் கொண்டது. பிரேக் இன்னர் அதைவிடத் தடித்தது, தலையும் பெரியது. கியர் அவுட்டர் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர், பிரேக் அவுட்டர் 5 மில்லிமீட்டர். அளவு மட்டுமே வேறுபாடு அன்று. பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். சுருள் இழுப்பில் கொஞ்சம் அமுங்கும். பிரேக்குக்கு அது பாதகமில்லை, 3 மில்லிமீட்டர் கணக்கில் இயங்கும் கியருக்கு அதுவே கோளாறு. "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி என்னிடம் ஒரு கடையில் பிரேக் அவுட்டரைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் அட்ஜஸ்ட் செய்து அலுத்த பிறகே உண்மை விளங்கியது. கியர் இல்லாத சைக்கிள்களே மிகுதியாக வரும் கடைகளில் இப்படி நேர்வது இயல்பு. இன்னர் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரணக் கம்பிக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை இந்தக் காற்று சீக்கிரமே ஈடுகட்டிவிடும்.

ஷிஃப்டரை 7-இல் வைத்து, டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். கம்பி அந்தப் போல்ட்டுக்கு அடியில் எந்தப் பள்ளத்தில் படிந்திருந்தது என்பதைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கம்பியின் நுனியை வெட்டிவிட்டு ஷிஃப்டர் பக்கமாகத் தள்ளினால், தலை அதன் துளை வழியே வெளியே வரும். பழைய அவுட்டர் துண்டுகளின் நீளத்திலேயே புதியவற்றை வெட்டுங்கள். டீரெய்லரின் கடைசி வளைவுத் துண்டு மட்டும் பழையது கூர்மையாக மடங்கியிருந்தால் ஓரிரு விரற்கடை கூட்டிக்கொள்ளலாம். வெட்டிய முனையில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய் நசுங்கியிருக்கும். ஊசியால் அதை வட்டமாகத் திறந்துவிட்டு, முனைகளில் தொப்பிகளை மாட்டுங்கள். இந்த ஊசி வேலையை விட்டுவிட்டவர்கள் புதுக் கேபிளும் இறுகுகிறதே என்று வியப்பார்கள்.

அட்ஜஸ்டரை, அதாவது கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் விரலால் திருகத்தக்க அந்தச் சிறு உருளையை, முழுவதும் உள்ளே திருகிவிட்டு ஒரு சுற்று வெளியே எடுத்து வையுங்கள். புது இன்னரை ஷிஃப்டரிலிருந்து நுழைத்து, அவுட்டர்கள் வழியே கொண்டுவாருங்கள். போல்ட்டில் உடனே கட்ட வேண்டாம். கேபிள் கட்டப்படாத இந்த நிலையில்தான் டீரெய்லரின் எல்லையை அமைக்கும் லிமிட் ஸ்க்ரூக்களைப் பார்ப்பது எளிது.

திருகுகள்

டீரெய்லரில் அருகருகே இரண்டு சிறு திருகுகள் இருக்கும். ஆங்கில எழுத்துகளான எச், எல் அவற்றுக்குப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எச் என்பது சின்னப் பல்லுக்கான எல்லை, எல் என்பது பெரிய பல்லுக்கான எல்லை. இரண்டும் டீரெய்லர் அந்தந்தப் பக்கம் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் வேலிகளே. நடுவில் உள்ள கியர்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. வலஞ்சுழியாகத் திருகினால் வேலி நெருங்கும், இடஞ்சுழியாகத் திருகினால் விலகும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம்.

கேபிள் கட்டாத நிலையில் டீரெய்லர் தானாகவே வெளிப்பக்கம் போய் நிற்கும். பின்னாலிருந்து பார்க்கையில் மேல் புல்லி, மிகச் சின்னப் பல்லுக்கு நேர்கீழே நிற்குமாறு எச் திருகை அமையுங்கள். பிறகு பெடலை மெல்லச் சுழற்றிக்கொண்டே டீரெய்லரைக் கையால் உள்பக்கம் தள்ளுங்கள். செயின் மிகப் பெரிய பல்லில் ஏற வேண்டும், அதைத் தாண்டி ஸ்போக்ஸ் பக்கம் ஒரு மயிரிழையும் போகக் கூடாது. தாண்டினால் எல் திருகை வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஏறவே மறுத்தால் இடஞ்சுழியாகக் கால் சுற்று. நான்கு கம்பிகளை இழந்தவன் என்ற முறையில் இந்தச் சோதனையை ஐந்தாறு முறையாவது செய்யச் சொல்வேன்.

இது முடிந்ததும் செயினை மிகச் சின்னப் பல்லில் நிறுத்தி, ஷிஃப்டர் 7-இல் இருப்பதை உறுதிசெய்து, கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்துப் போல்ட்டை இறுக்குங்கள். பிளையரால் முறுக்கி இழுக்க வேண்டாம். மிச்சத்தை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, முனையில் உலோகத் தொப்பி மாட்டி நசுக்குங்கள். தொப்பி இல்லாவிட்டால் ஒரு சொட்டுப் பசை விட்டாலும் பிரி பிரியாது.

இனி அட்ஜஸ்டர். பெடலைச் சுழற்றிக்கொண்டே 7-இலிருந்து 6-க்கு ஒரு சொடுக்கு. செயின் ஏறவில்லை என்றால் கேபிள் தளர்வு. அட்ஜஸ்டரைச் சைக்கிளின் பின்னாலிருந்து பார்த்து இடஞ்சுழியாகக் கால் சுற்று திருகுங்கள். ஒரே சொடுக்கில் இரண்டு பல் ஏறினாலோ, 6-இல் நின்றுகொண்டு அடுத்த பெரிய பல்லை உரசி ஒலித்தாலோ கேபிள் அதிக இறுக்கம், வலஞ்சுழியாகத் திருகுங்கள். துல்லியமாகச் செய்ய விரும்புபவர்கள், 6-இல் இருக்கும்போது அடுத்த பல்லை உரசும் சத்தம் கேட்கத் தொடங்கும் வரை இறுக்கிவிட்டு, சத்தம் நிற்கும் வரை மட்டும் தளர்த்தலாம். அதன் பிறகு ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏறுவது சரியானால் இறங்குவது கெடுகிறது, இறங்குவது சரியானால் ஏறுவது கெடுகிறது என்று சுற்றிச் சுற்றி வந்தால் அட்ஜஸ்டரை விட்டுவிட்டு மறுபடி கேபிளின் உராய்வையும் ஹேங்கரின் சாய்வையும் பாருங்கள்.

முன்பக்க டீரெய்லரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் சமதரையில் நடுப் பல்சக்கரத்திலேயே காலம் கழிந்துவிடும். அதன் வெளித்தகடு பெரிய பல்சக்கரத்துக்கு இணையாகவும், பற்களின் முனைக்கு மேல் 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்திலும் நிற்க வேண்டும். அங்கும் இரண்டு லிமிட் ஸ்க்ரூக்கள் இதே முறையில் வேலை செய்கின்றன. முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும், அல்லது முன்னால் சின்னதும் பின்னால் சின்னதும் சேர்ந்து போட்டால் செயின் கோணலாக ஓடி உரசும். அது கோளாறு அன்று, போடக்கூடாத சேர்க்கை.

எண்ணெயும் பழக்கமும்

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. முதல் நாள் நன்றாக ஓடும். நாளாவட்டத்தில் பிசினாகி மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு, செயினைச் சாணைக்கல்லாக மாற்றிவிடும். படகு இயந்திரத்தின் கழிவு எண்ணெயும் அப்படியே. செயின் எண்ணெய் கிடைக்காத அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் மெல்லியது என்பதால் அடிக்கடி விட வேண்டும். ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, சில நிமிடம் சுழற்றி, வெளியில் படிந்ததைத் துணியால் முழுவதும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியில் மின்னுவது மணலுக்கு விரிக்கும் வலை.

தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த நாளில் அன்று மாலையே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து எண்ணெய் விடுவதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறையாவது, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாக் கியர்களையும் ஒரு சுற்று மாற்றி ஓட்டுங்கள். மாதக்கணக்கில் தொடாத ஷிஃப்டருக்குள் கிரீஸ் கெட்டிப்பட்டுச் சொடுக்கே விழாமல் போகும். அப்போது மூடியைத் திறக்காமல், கேபிள் நுழையும் துளை வழியே துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து, முப்பது நாற்பது முறை சொடுக்கிப் பழைய கிரீஸைக் கரைத்து வெளியேற்றி, பிறகு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். சைக்கிளைப் படுக்கவைக்க நேர்ந்தால் இடப்பக்கமாகவே படுக்கவையுங்கள்.

தொங்கவிட்ட சைக்கிளில் சரியாக மாறும் கியர், ஆள் ஏறி மிதிக்கும்போது கொஞ்சம் மாறுபடக்கூடும் என்பதால் எதிர்காற்றுள்ள சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். புது அவுட்டர்கள் தொப்பிகளுக்குள் அமுங்கி அமர்வதற்குச் சில நாள் ஓட்டம் பிடிக்கும். அதுவரை கேபிள் மெல்லத் தளர்வதால் மீண்டும் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கும். ஸ்க்ரூ டிரைவரைத் தேடாமல் அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருகினால் போதும், அதற்குச் சைக்கிளிலிருந்து இறங்கிக் குனிந்தாலே போதுமானது.